கடதாசியின் வெண்மையும் ஆற்றின் நஞ்சும்: இலிக்னின், பாதரசம், கந்தகம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

பழைய சஞ்சிகைகளையும் செய்தித்தாள்களையும் புரட்டி ஆராய்வோர் யாவரும் அறிந்த காட்சி ஒன்றுண்டு. ஓரங்கள் பழுப்பேறி, மடிப்புகள் நொறுங்கி, விரல் பட்ட இடத்தில் உதிர்கின்ற தாள்களே அவை. கந்தைத் துணியிலிருந்து பெற்ற கூழினால் ஆக்கப்பட்ட முற்காலத் தாள்கள் ஒப்பீட்டளவில் உறுதியாக நின்றிருக்க, அவற்றுக்குப் பின்வந்த மலிவான அச்சுத்தாள்கள் முந்தி அழிகின்றன. இலக்கிய வரலாற்று மாணவராகிய நாம் இதனை ஆவணப் பாதுகாப்பிலே நேர்ந்த குறைபாடாகவே பெரும்பாலும் கருதி வந்துள்ளோம். ஆயின் அப்பழுப்பு நிறத்துக்கு ஒரு பௌதிகக் காரணம் உண்டு. அக்காரணத்துக்கு ஒரு சமூக வரலாறும் உண்டு. தாளில் தங்கிய அமிலம் அதனை நொறுக்குகின்றது. மரத்தை அரைத்துப் பெற்ற கூழில் எஞ்சிநிற்கும் இலிக்னின் என்னும் பொருள், ஒளியும் காற்றும் பட்டு மஞ்சளாகின்றது.

இந்த இலிக்னினைக் கடைசித் துளிவரை அகற்றி வெள்ளைத் தாளை ஆக்க முற்பட்ட கைத்தொழில், கனடாவிலே ஓர் ஆற்றையும் அதனை நம்பி வாழ்ந்த ஆதிக்குடிகளையும் பாதரசத்தால் நஞ்சூட்டியது. இன்று அதே இலிக்னினைக் கரியாக்கி, நுண்டுளைகள் மலியச் செய்து, கந்தகம் ஏற்றி, நீரிற் கலந்த பாதரசத்தைப் பற்றிப் பிடிக்கும் பொருளாக மாற்றும் ஆய்வுகள் பல நாடுகளில் நடைபெறுகின்றன. கழிவு பயனுள்ள பொருளாக மாறிய நற்கதையாக இதனைக் கூறிவிடுதல் எளிது. அவ்வாறு கூறின், அப்பொருள் கழிவானது எவ்வாறு, நஞ்சு ஆற்றிற் சேர்ந்தது எவருடைய தேவைக்காக, அதனை அகற்றுவதைத் தீர்மானிப்பவர் யாவர் என்னும் வினாக்கள் மறைந்துவிடும். இவ்வினாக்களை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

இலிக்னின் என்னும் பெயர், மரத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் அடியாகப் பிறந்தது. சுவிற்சர்லாந்துத் தாவரவியலாளராகிய டி கண்டோல் 1813இல் அதனைக் கையாண்டார். 1838இல் பிரெஞ்சு இரசாயனவியலாளராகிய அன்செல்ம் பாயன், மரத்தின் நாராகிய செலுலோசை அதனைச் சூழ்ந்து படிந்திருந்த பொருளிலிருந்து பிரித்துக் காட்டினார். மரத்தின் நிறையில் ஏறத்தாழ 20 முதல் 30 வீதம் வரை இலிக்னினாக அமையும். நாரோடு நாரைப் பிணைத்து, மரத்தை நிமிர்ந்து நிற்கச் செய்வது அதுவே. இயற்கையில் அது கழிவன்று; மரத்தின் எலும்பு எனலாம். நாரை மாத்திரம் வேண்டிய உற்பத்தி முறையொன்று தோன்றிய பின்னரே அது கழிவாயிற்று.

அவ்வுற்பத்தி முறை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவாகியது. பத்திரிகைத் தொழிலின் விரிவு, எழுத்தறிவின் பரவல், வணிகக் கணக்குகளின் பெருக்கம் என்பன தாளுக்கான கேள்வியை உயர்த்தியபோது கந்தைத்துணி போதாமற் போயிற்று. 1844இல் ஜேர்மானியராகிய கெல்லர் மரத்தை அரைகல்லில் அரைத்துக் கூழாக்கும் முறையைக் கண்டார். இம்முறையில் இலிக்னின் தாளிலேயே தங்கியமையால் தாள் மலிவாயிற்று, பழுப்பும் ஏறிற்று. அடுத்து, இலிக்னினை இரசாயன முறையாற் கரைத்தெடுக்கும் முயற்சிகள் எழுந்தன. 1860களில் அமெரிக்கராகிய தில்மன் கந்தகத்தின் சேர்வையொன்றை அடிப்படையாகக் கொண்ட சல்பைற்று முறைக்கு ஆக்கவுரிமை பெற்றார். 1879இல் டான்சிக் நகரில் காள் டால் என்பவர் எரிசோடாவையும் சோடியம் சல்பைட்டையும் கொண்டு மரத்தை அவிக்கும் முறையைக் கண்டார். உறுதியைக் குறிக்கும் ஜேர்மன் சொல்லால் இது கிராப்ற் முறை எனப்பட்டது. இன்றும் உலகக் கூழ்த் தொழிலில் மேலோங்கி நிற்பது இதுவே.

இவ்விடத்தில் இரண்டு விடயங்கள் மனங்கொள்ளத்தக்கன. முதலாவது, இரு முறைகளிலும் இலிக்னினோடு கந்தகம் சேர்ந்து விடுகின்றது. கிராப்ற் இலிக்னினில் ஏறத்தாழ 1 முதல் 3 வீதம் வரை கந்தகம் உண்டு. சல்பைற்று முறையிற் கிடைக்கும் இலிக்னோசல்பனேற்றில் அது இன்னும் அதிகம். இரண்டாவது, மரத்தின் ஏறத்தாழப் பாதியே கூழாகின்றது. மறுபாதி கருந்திரவமாக வெளியேறுகின்றது. 1930களிற் கனடாவிலே தொம்லின்சன் வகுத்த மீட்புக் கொதிகலன், கருந்திரவத்தை எரித்து அதிலுள்ள சோடியத்தையும் கந்தகத்தையும் மீளப்பெறவும், எரியும் இலிக்னினிலிருந்து நீராவி பெறவும் வழிசெய்தது. ஆலையின் இலாபக் கணக்கு இதனாற் சீராகியது. கூழ்த் தொழில் ஆண்டுதோறும் பிரித்தெடுக்கும் இலிக்னின் 5 கோடி தொன்னுக்குக் குறையாதது எனவும், அதில் 2 வீதமளவே வேறு பொருளாக்கப்படுகின்றது எனவும் பொதுவாக மதிப்பிடப்படுகின்றது. எஞ்சியது பெரும்பாலும் விறகாகவே எரிகின்றது.

'மூலதனம்' மூன்றாம் தொகுதியில் உற்பத்தியின் கழிவுகளைப் பயன்படுத்தல் பற்றி மார்க்ஸ் தனியாக ஆராய்ந்துள்ளார். கழிவு மீண்டும் உற்பத்திக்குள் இழுக்கப்படுவது மாறா மூலதனச் செலவை அது குறைக்குமிடத்தே என்பது அவ்வாய்வின் சாரம். மனிதக் கழிவை மண்ணுக்கு மீட்பதற்குப் பதிலாகப் பெருஞ்செலவிலே தேம்ஸ் ஆற்றை மாசுபடுத்துவதற்கு இலண்டன் நகரம் அதனைப் பயன்படுத்துவதையும் அங்கு அவர் சுட்டினார். இலிக்னினின் வரலாறு இக்கருத்துக்குத் தக்க சான்றாகும். ஆலைக்குள் எரிவது இலாபமாகியபோது அது எரிக்கப்பட்டது. ஆலைக்கு வெளியே, ஆற்றுக்குள் நிகழ்ந்தது எதுவும் அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை.

3

கிராப்ற் முறையில் அவித்தெடுத்த கூழ் வெண்மையாக இருப்பதில்லை; பொதி கட்டும் தாளின் கபில நிறமே அதற்குரியது. அதிற் சில வீதமே எஞ்சியுள்ள இலிக்னின் அந்நிறத்தைக் கொடுக்கின்றது. எழுதுதாளும் நூற்றாளும் வெண்மையாக இருத்தல் வேண்டும் எனச் சந்தை கோரியமையால், அவ்வெச்சத்தை நீக்கக் குளோரீன் பயன்படுத்தப்பட்டது. குளோரீனும், மரத்தை அவிக்க வேண்டிய எரிசோடாவும் உப்புக் கரைசலை மின்பகுப்புச் செய்வதால் ஒருங்கே கிடைப்பன. அதற்கென 1890களில் உருவாகிய முறைகளுள் முதன்மையானது காஸ்னர்-கெல்னர் கலம். அதில் எதிர்மின்வாயாக அமைந்தது பாதரசம்.

இக்கலத்தின் பெயரில் இடம்பெறும் காள் கெல்னர் என்னும் ஒஸ்திரியர், சல்பைற்றுக் கூழ் முறையொன்றை உருவாக்கியவர்களுள்ளும் ஒருவர் என்பது குறிப்பிடத்தக்கது. இலிக்னினைக் கரைக்கும் தொழில்நுட்பமும், அதன் எச்சத்தை வெளிற்றும் குளோரீனைப் பாதரசத்தின் துணையோடு பெறும் தொழில்நுட்பமும் ஒரே மனிதரின் வாழ்விற் சந்தித்தமை தற்செயலன்று. ஒரே கைத்தொழிலின் இரு தேவைகள் அவை.

4

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தின் வடமேற்கிலே, வாபிகூன் ஆற்றங்கரையில் டிரைடன் என்னும் சிறு நகரம் உள்ளது. அங்கிருந்த கிராப்ற் ஆலைக்கு வேண்டிய குளோரீனையும் எரிசோடாவையும் ஆக்குவதற்கு, பிரித்தானிய ரீட் குழுமத்தைச் சேர்ந்த இரசாயன ஆலையொன்று 1962இல் இயங்கத் தொடங்கியது. அது பாதரசக் கலங்களைக் கொண்டது. 1962 முதல் 1970 வரை அவ்வாலையிலிருந்து ஏறத்தாழ 9 தொன் பாதரசம் ஆற்றிற் கலந்தது.

ஆற்றின் கீழ்ப்பகுதியில், வாபிகூனும் இங்கிலிஷ் ஆறும் கூடும் பிரதேசத்தில், அனிசினாபே மக்களின் குடியிருப்புகளாகிய கிராசி நரோசும் வாபசீமூங்கும் உள்ளன. 1873இல் பிரித்தானிய முடியோடு செய்துகொள்ளப்பட்ட மூன்றாவது உடன்படிக்கை, இம்மக்களுக்கு வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் உள்ள உரிமையை ஏற்றுக்கொண்டிருந்தது. 1963இல் கிராசி நரோஸ் மக்கள், ஆற்றோரத் தீவுகளிலும் கரைகளிலும் பரந்திருந்த தம் பழைய வாழ்விடத்திலிருந்து தெருவையடுத்த புதிய குடியிருப்புக்கு அரசாங்கத்தால் இடம்பெயர்க்கப்பட்டனர். பாதரசம் ஆற்றில் இறங்கத் தொடங்கிய காலமும் நிலத்தோடிருந்த பிணைப்பு அறுக்கப்பட்ட காலமும் ஒன்றாகவே அமைந்தன. அதன் பின்னரும் மீன் அவர்களுக்கு உணவாகவும், மீன்பிடியும் உல்லாசப் பயணிகளுக்கு வழிகாட்டலும் வருவாயாகவும் இருந்தன.

நோர்வேயிலிருந்து வந்து கனடாவில் ஆய்வு செய்த நோர்வால்ட் பிம்ரைற் என்னும் ஆராய்ச்சி மாணவர், கனடிய நீர்நிலைகளின் மீன்களிற் பாதரசம் மிகுந்திருப்பதை வெளிப்படுத்தினார். கனடா பாதுகாப்பெல்லையாகக் கொண்ட 10 இலட்சத்தில் 0.5 பங்கு என்னும் அளவை வாபிகூன் ஆற்று மீன்கள் பன்மடங்கு மீறியிருந்தன. 1970இல் மாகாண அரசு பாதரசத்தை ஆற்றில் விடுவதைத் தடைசெய்தது. அந்நீர்நிலைகளில் வணிக மீன்பிடியும் நின்றது. ஒரே ஆண்டில் இம்மக்கள் உணவையும் தொழிலையும் இழந்தனர்.

1975இல் யப்பானிய வைத்தியராகிய ஹராடா மசசுமி தம் குழுவினருடன் அங்கு சென்று மக்களைப் பரிசோதித்தார். மினமாட்டா நோயாளரிடையே தாம் கண்ட அறிகுறிகளை அங்கும் கண்டார். கைகால் விறைப்பு, பார்வைப் புலம் சுருங்குதல், நடையின் தள்ளாட்டம், நடுக்கம் என்பன அவை. 1985இல் இரு சமூகங்களுக்கும் 1 கோடியே 66 இலட்சம் டொலருக்குச் சற்று அதிகமான தொகை நட்டஈடாக ஒப்புக்கொள்ளப்பட்டது. கம்பனிகளும் மத்திய, மாகாண அரசுகளும் அதனைப் பகிர்ந்துகொண்டன. நட்டஈடு கொடுக்கப்பட்டது, ஆறு அவ்வாறே விடப்பட்டது.

5

ஆலை வெளியேற்றியது உலோகப் பாதரசமும் அதன் அசேதனச் சேர்வைகளுமே. மீனிலும் மனித மூளையிலும் சேர்ந்ததோ மெதைல் பாதரசம். மினமாட்டாவில் இவ்வினா இந்த வடிவில் எழவில்லை. அங்கே அசற்றல்டிகைட்டு ஆக்கும் பணியிலே பாதரச ஊக்கியிலிருந்து மெதைல் பாதரசம் ஆலைக்குள்ளேயே தோன்றியது. நீரடி வண்டலில் வாழும் நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெதைல் பாதரசமாக்குகின்றன என்பதை 1969இல் சுவீடன் ஆய்வாளர்களாகிய ஜென்சனும் ஜேர்னலொவும் காட்டினர். அப்பணியிற் பெரும்பங்கு சல்பேற்றை ஒடுக்கி வாழும் பற்றீரியாக்களுக்குரியது என்பதை 1985இல் கொம்போவும் பார்த்தாவும் நிறுவினர். இவ்வாறு உண்டாகும் மெதைல் பாதரசம் சிற்றுயிரிலிருந்து சிறுமீனுக்கும், சிறுமீனிலிருந்து பெருமீனுக்கும், அதிலிருந்து மனிதருக்கும் செறிவு கூடிச் செல்கின்றது.

இங்கேதான் கந்தகத்தின் முரண்பட்ட இயல்பு புலனாகின்றது. பாதரசத்துக்கும் கந்தகத்துக்கும் உள்ள நாட்டம் நெடுங்காலம் அறியப்பட்டது. இரசத்தைச் சிவமாகவும் கந்தகத்தைச் சக்தியாகவும் உருவகித்து, இரண்டும் கூடிய சாதிலிங்கத்தைக் கையாண்ட சித்தமருத்துவ மரபு நமக்குப் புதிதன்று. அவ்வனுபவ அறிவை நவீன இரசாயனத்தின் முன்னறிவிப்பாகக் காட்டிப் பெருமிதம் கொள்ளுதல் வரலாற்று நோக்காகாது. ஆயினும் உழைப்பின் வழியே பொருளின் இயல்பை மனிதர் அறிந்த முறைக்கு அது ஒரு சான்று. கந்தகமும் ஐதரசனும் இணைந்த கூட்டத்தைக் கொண்ட சேதனச் சேர்வைகளுக்கு, பாதரசத்தைப் பற்றுவது எனப் பொருள்படும் இலத்தீன் தொடரிலிருந்து மேர்கப்ரன் என்னும் பெயரை டென்மார்க்கு இரசாயனவியலாளராகிய சைசே 1834இல் வழங்கினார். மென்மையான அமிலங்கள் மென்மையான மூலங்களை நாடும் என 1963இல் பியர்சன் வகுத்த கொள்கை இந்த நாட்டத்துக்கு விளக்கம் தந்தது. பாதரச அயன் முதல்வகைக்கும், கந்தகம் இரண்டாம் வகைக்கும் நல்ல உதாரணங்கள்.

ஆயின் பாதரசத்தைக் கட்டிப்போடும் இதே மூலகம், ஒட்சிசனோடு சேர்ந்து சல்பேற்றாக ஆற்றிற் கலக்கும்போது, பாதரசத்தை நஞ்சாக்கும் பற்றீரியாக்களுக்கு உணவாகின்றது. டிரைடன் ஆலையிலிருந்து வெளியேறும் சல்பேற்றும் சேதனப் பொருளும் பழைய பாதரசத்தின் மெதைலாக்கத்தை மிகைப்படுத்துகின்றன என்பதை மேற்கு ஒன்ராறியோப் பல்கலைக்கழக ஆய்வாளர் பிரையன் பிரன்பயரன் செய்த ஆய்வு 2024இல் வெளிப்படுத்தியது. பாதரசம் ஆற்றில் விடப்படுவது நின்று அரைநூற்றாண்டு கடந்தும் நஞ்சு புதிதாக உண்டாகிக் கொண்டிருந்தது. ஒரு பொருள் மருந்தா நஞ்சா என்பதை அதன் மூலக இயல்பு மாத்திரம் தீர்மானிப்பதில்லை. எந்த உறவுகளுக்குள், எந்த வடிவில் அது வைக்கப்படுகின்றது என்பதே தீர்மானிக்கின்றது.

6

இனிக் கரியின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். 1785இல் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் லோவிற்ஸ் என்னும் இரசாயனவியலாளர், மரக்கரி கரைசல்களின் நிறத்தை உறிஞ்சுவதைக் கண்டார். பத்தாண்டுக்குள் இங்கிலாந்துச் சீனிச் சுத்திகரிப்பாளர் அதனைப் பயன்படுத்தினர். 19ஆம் நூற்றாண்டில் எலும்புக்கரி அவ்விடத்தைப் பிடித்தது. கரீபியத் தோட்டங்களில் அடிமைகளின் உழைப்பாற் பெறப்பட்ட கபிலச் சீனி, ஐரோப்பிய மேசைக்கு வெள்ளையாக வந்தது இவ்வழியே. வெண்மைக்கான சந்தையின் வேட்கை கடதாசியோடு தொடங்கியதன்று.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒஸ்திரேய்கோ பெற்ற ஆக்கவுரிமைகள், கரியை நீராவியாலும் உப்புகளாலும் உயிர்ப்பூட்டி அதன் நுண்டுளைகளைப் பெருக்கும் முறையை வகுத்தன. 1915 ஏப்பிரல் 22இல் ஈப்பர் போர்முனையிலே ஜேர்மன் படை குளோரீன் வாயுவை விடுத்தது. அதே ஆண்டில் ருஷ்யாவில் செலின்ஸ்கி கரியாலான முகமூடியை ஆக்கினார். 1918இல் அமெரிக்காவில் முகமூடிக் கரிக்காகப் பழ விதைகளும் தேங்காய்ச் சிரட்டைகளும் திரட்டப்பட்டன. கடதாசியை வெளிற்றிய அதே குளோரீன் கரியைப் போர்த் தொழிலாக வளர்த்தது. ஈழத்துச் சிரட்டைக்கரி பின்னாளில் உலகச் சந்தையிற் பெற்ற இடமும் இவ்வரலாற்றின் தொடர்ச்சியே. சிரட்டையின் வன்மைக்கும் அதிலிருந்து பெறும் கரியின் சிறப்புக்கும் அதிற் செறிந்த இலிக்னின் ஒரு காரணம்.

கந்தகம் ஏற்றிய கரி தொழில்துறையிற் பரவிய முறை தனியாகக் கவனித்தற்குரியது. 1973இல் அல்ஜீரியாவின் ஸ்கிக்டா இயற்கைவாயு ஆலையில், வாயுவிற் கலந்திருந்த பாதரசம் அலுமினிய வெப்பமாற்றியை அரித்து அதனைச் செயலிழக்கச் செய்தது. அதன்பின் இயற்கைவாயு ஆலைகளிற் பாதரசத்தை அகற்றக் கந்தகம் ஏற்றிய கரிப்படுகைகள் வழக்காயின. கிராசி நரோஸ் மக்கள் தம் உடம்பில் இருப்பது நஞ்சே என்பதை நிறுவப் போராடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அலுமினியத்தைப் பாதரசத்திலிருந்து காக்கும் தொழில்நுட்பம் தாமதமின்றி நிறுவப்பட்டது. அறிவு இல்லாமையன்று, அறிவு எவருடைய பொருளைக் காக்க ஏவப்பட்டது என்பதே இங்குள்ள பிரச்சினை.

7

இலிக்னினிலிருந்து கந்தகம் ஏறிய நுண்டுளைக் கரியை ஆக்கும் முறை, அடிப்படையில் மேற்கூறிய மரபுகளின் சங்கமமே. உலர்ந்த இலிக்னினைப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுப் போன்ற உயிர்ப்பூட்டியோடு கலந்து, ஒட்சிசன் புகாத உலையில் பொதுவாக 600 முதல் 900 பாகை செல்சியஸ் வரை சூடாக்குவர். கந்தகம் தனி மூலகமாகவோ தயோயூரியா போன்ற சேர்வையாகவோ சேர்க்கப்படும். இலிக்னோசல்பனேற்றைக் கையாளும்போது கந்தகம் அதனுள்ளேயே இருப்பதால் வெளியிலிருந்து சேர்க்க வேண்டிய தேவை குறைகின்றது. ஆலை தன் வசதிக்காக இலிக்னினிற் புகுத்திய கந்தகமே இங்கு பயன்படு பொருளாகின்றது. இவ்வாறு பெறும் கரியின் 1 கிராமில் உள்ள துளைச்சுவர்களின் பரப்பு 1000 சதுர மீற்றரையும் விஞ்சக்கூடும். யாழ்ப்பாணத்து நில அளவையிற் கூறின் ஏறத்தாழ நான்கு பரப்புக் காணி. அச்சுவர்களிற் காபனோடு பிணைந்து நிற்கும் கந்தகம், நீரில் வரும் பாதரச அயனைப் பற்றிக் கொள்கின்றது. ஈயம், கட்மியம் முதலியவற்றுக்கும் இவ்வகைக் கரி பயன்படும்.

இதனைச் சாதாரண முன்னேற்றமாக ஒதுக்குதல் தவறாகும். ஆயின் இதன் எல்லைகளும் தெளிவானவை. ஆய்வுகூடக் குடுவையில் உள்ள கரைசல் ஆறன்று. ஆற்றுநீரிற் பாதரசத்தின் செறிவு மிகச் சிறிது. பெரும்பகுதி வண்டலிலே உறைந்துள்ளது. ஆற்றின் சேதனப் பொருள்கள் தாமும் பாதரசத்தைப் பற்றுவதோடு கரியின் துளைகளையும் அடைக்கின்றன. உயிர்ப்பூட்டும் காரத்துக்கும் உலைக்கும் செலவுண்டு. காரத்தைக் கழுவிய நீரும் ஒரு கழிவே. எல்லாவற்றுக்கும் மேலாக, கரி பாதரசத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகின்றது. நஞ்சேறிய கரி எங்கே வைக்கப்படும், எவருடைய நிலத்தில் புதைக்கப்படும் என்னும் வினா உடனே எழுகின்றது. ஆலைவாயிலில், நஞ்சு ஆற்றிற் கலக்குமுன் இக்கரி ஆற்றக்கூடிய பணி பெரிது. ஆற்றிற் கலந்து அரைநூற்றாண்டு சென்றபின் அது ஆற்றக்கூடியது அதனினும் மிகக் குறைவு.

8

இங்கு முற்போக்காளரிடையே நிலவும் கருத்தொன்றையும் ஆராய்தல் வேண்டும். தொழில்நுட்பத் தீர்வுகள் யாவும் அடிப்படை முரண்பாட்டை மறைக்கும் திரைகளே என்பது அக்கருத்து. இதற்கு ஆதாரம் இல்லாமலில்லை. 1959 டிசம்பரில் மினமாட்டாவிலே சிசோ கம்பனி கழிவுநீர்ச் சுத்திகரிப்புச் சாதனம் ஒன்றைத் திறந்துவைத்தது. கம்பனித் தலைவர் சுத்திகரிக்கப்பட்டதாகக் கூறப்பட்ட நீரை மக்கள் முன் அருந்திக் காட்டினார். ஆனால் அச்சாதனம் சேதனப் பாதரசத்தை நீக்குவதற்காக அமைக்கப்பட்டதன்று என்பது பின்னர் வெளிப்பட்டது. அதே மாதத்தில், பின்னர் மேலும் இழப்பீடு கோருவதில்லை என்னும் நிபந்தனையோடு நோயாளருக்கு ஓர் அனுதாபப் பண ஒப்பந்தமும் செய்யப்பட்டது. பிரச்சினை முடிந்துவிட்டது என யப்பானிய சமூகம் நம்பியது. அரசாங்கம் உண்மையை ஏற்றுக்கொண்டது 1968இலேயே. அந்த ஒன்பது ஆண்டுகளிலும் கழிவு தொடர்ந்து வெளியேறியது. சுத்திகரிப்புச் சாதனம் நாடகக் கருவியானால் அது நஞ்சினும் கொடியது.

எனினும் இவ்வுதாரணத்திலிருந்து தொழில்நுட்பம் வேண்டாம் என்னும் முடிவுக்கு வருதல் பொருந்தாது. கிராசி நரோசின் வரலாறு இதற்கு நேர்மாறான பாடத்தைத் தருகின்றது. வாபிகூன் ஆற்றைத் தூய்மையாக்க இயலும் என 1980களின் தொடக்கத்திலேயே விஞ்ஞானிகள் அறிக்கையிட்டனர். தூய களிமண் வண்டலைக் கொண்டு நஞ்சேறிய வண்டலின் தாக்கத்தைக் குறைக்கும் வழியை அவர்கள் முன்வைத்தனர். ஆறு தானாகவே தேறும் என்னும் நிலைப்பாட்டில் நின்ற அரசு அதனை ஏற்கவில்லை. ஆறு எதிர்பார்த்தபடி தேறவில்லை. 2016இல் விஞ்ஞானி ஜோன் ரட்டும் பிறரும், தூய்மையாக்கல் இயலக்கூடியது என மீண்டும் அறிக்கையிட்டனர். அதன்பின்னரே, 2017இல், ஒன்ராறியோ அரசு 8 கோடியே 50 இலட்சம் டொலரை அப்பணிக்கு ஒதுக்க உடன்பட்டது. இடைப்பட்ட காலத்தில் அனிசினாபே மக்கள் வாளாவிருக்கவில்லை. 2002 டிசம்பரில் தம் காட்டிலிருந்து மரமேற்றிச் செல்லும் பாதையை இளைஞரும் பெண்களும் முன்னின்று மறித்தனர். கனடிய வரலாற்றின் மிக நீண்ட மறியற் போராட்டங்களுள் அது ஒன்றாயிற்று. 2024 ஜூனில் கிராசி நரோஸ் மக்கள் இரு அரசுகளுக்கும் எதிராக வழக்குத் தொடுத்தனர்.

இம்மறியலின் பொருளை நாம் கூர்ந்து நோக்குதல் வேண்டும். ஆலைக்குச் செல்லும் மரத்தை மறித்தவர்களும், ஆலையின் நஞ்சு அகற்றப்படல் வேண்டும் எனக் கோரியவர்களும் ஒரே மக்களே. தொழில்நுட்பத்தை அவர்கள் நிராகரிக்கவில்லை, அதனைக் கோரினர். அதைத் தம்மிடமிருந்து விலக்கி வைத்திருந்த அதிகாரத்தையே எதிர்த்தனர். உழைக்கும் மக்களின் விஞ்ஞான நோக்கு எத்தகையது என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டுவதில்லை.

9

தொகுத்து நோக்குமிடத்து, இலிக்னினின் வரலாறு மூன்று கட்டங்களாக அமைகின்றது. மரத்தைத் தாங்கிய பொருள், நார் பண்டமாகிய வேளையில் கழிவாயிற்று. அக்கழிவின் கடைசி எச்சத்தையும் நீக்க முயன்ற உற்பத்தி பாதரசத்தை ஆற்றிற் சேர்த்தது. இப்போது அதே பொருள் கரியாகி, தன்னோடு சேர்ந்த கந்தகத்தால் பாதரசத்தைப் பற்றும் ஆற்றலைப் பெற்றுள்ளது. இம்மூன்றாவது கட்டம் இன்னும் ஆய்வுகூடத்தின் வாயிலைக் கடந்து வெகுதூரம் செல்லவில்லை. அது எங்கே செல்லும் என்பதை மூலக இயல்பு தீர்மானிக்கப் போவதில்லை. இலிக்னினைக் கரியாக்குவதிலும் எரிப்பது மலிவானால் ஆலை அதனை எரிக்கும். கரியை விற்பது இலாபமானால், விலை கொடுக்கக்கூடிய இடத்துக்கே அது செல்லும். நஞ்சுண்ட மக்களின் நீருக்கு அது வந்துசேர வேண்டுமாயின், அதனைக் கோரும் உரிமையும் மேற்பார்வை செய்யும் அதிகாரமும் அம்மக்களிடம் இருத்தல் வேண்டும்.

இவ்வரலாறு நம்மிடமிருந்து தொலைவிலுள்ளதன்று. 1950களில் இந்நாட்டில் வாழைச்சேனையிற் கடதாசி ஆலையும், பரந்தனில் உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரீனும் ஆக்கும் இரசாயனத் தொழிற்சாலையும் நிறுவப்பட்டபோது, தேசிய கைத்தொழில் வளர்ச்சியின் சின்னங்களாக அவற்றை வரவேற்றோம். வரவேற்றதில் தவறில்லை. ஆலை வேண்டுமா வேண்டாமா என்று மாத்திரம் கேட்டு, ஆலையிலிருந்து வெளியேறுவது எது, அது செல்வது எங்கே என்று கேளாதிருந்தமையே தவறு. கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் தொழிலாளர், பாதரசத்தால் தமக்கு நேர்ந்த பாதிப்புக்கு 2016இலேயே உடன்பாடொன்றைப் பெற முடிந்தது என்பதும் இவ்வினாவின் கூர்மையை உணர்த்தும்.

இலக்கிய மாணவராகிய நாம் நூலின் உள்ளடக்கத்தை அதன் சமூகப் பின்னணியில் வைத்து ஆராய்ந்து பழகியவர்கள். நூலின் தாளையும் அவ்வாறு ஆராய்தல் நம் கடமையாகும். எழுத்து பதிவதற்கு முன்னரே அத்தாளின் வெண்மையில் ஒரு காட்டின், ஓர் ஆற்றின், ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாறு பதிந்திருக்கின்றது. அதனை வாசிக்கத் தவறினால், நாம் வாசிப்பது பாதி நூலையே.